புரோகிராம் தெரியாமலே போன் மூலம் வீட்டை ஆட்டோமேட் செய்யலாம்

ஹோம் ஆட்டோமேஷன் என்றவுடன் அது எஞ்சினியர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரிய சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். இன்று நிலைமை அப்படி இல்லை. கையில் ஒரு ஆண்ட்ராய்டு போன் அல்லது ஐபோன், வீட்டில் வைஃபை இணைப்பு, ஒரு ஸ்மார்ட் பிளக் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஒரு வரி கூட புரோகிராம் எழுத வேண்டியதில்லை. மெனுக்களைத் தட்டித் தட்டியே வேலையை முடித்து விடலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறோம். ஒரு பொருளைத் தானாக ஆன் செய்ய வைப்பது சுலபம். ஐந்து நிமிட வேலை. அது சரியான நேரத்தில் ஆஃப் ஆகுமா, நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும், நெட் இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்து அமைப்பதுதான் உண்மையான ஆட்டோமேஷன். பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடமும் இதுதான். எனவே இந்தப் பாடத்தில் ஆன் செய்வதைவிட ஆஃப் செய்வதைப் பற்றி அதிகமாகப் பார்க்கப் போகிறோம்.

ரிமோட் வேறு, ஆட்டோமேஷன் வேறு

போனில் ஒரு பட்டனைத் தட்டி ஹாலில் உள்ள லைட்டை எரிய விடுகிறீர்கள். இது ஆட்டோமேஷன் அல்ல, வெறும் ரிமோட் கன்ட்ரோல். நீங்கள் எதுவும் செய்யாமலே பொழுது சாய்ந்ததும் அந்த லைட் எரிந்தால் அதுதான் ஆட்டோமேஷன்.

இந்த எண்ணம் புதிதல்ல. 1975-ல் ஸ்காட்லாந்தில் இருந்த பிகோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஏற்கெனவே உள்ள மின்சார ஒயர்கள் வழியாகவே சிக்னலை அனுப்பி விளக்குகளைக் கட்டுப்படுத்தும் முறை அது. இப்போது ஒயருக்குப் பதில் வைஃபை, கன்ட்ரோல் பெட்டிக்குப் பதில் போன். அடிப்படை அதேதான்.

என்னென்ன தேவை?

1. வைஃபை ரூட்டர். பெரும்பாலான ஸ்மார்ட் பிளக்குகளும் பல்புகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே வேலை செய்யும். உங்கள் ரூட்டரில் 2.4, 5 என்று இரண்டு பெயர்கள் தெரிந்தால் 2.4 உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பிளக் இணைய மறுக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கும் இங்கேதான் சிக்கல்.

2. ஸ்மார்ட் பிளக். சுவரில் உள்ள சாக்கெட்டுக்கும் உங்கள் சாதனத்துக்கும் நடுவில் செருகுவது. இதில் ஆம்பியர் முக்கியம். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 6 ஆம்பியர் பிளக் என்றால் 1380 வாட் வரை, 10 ஆம்பியர் என்றால் 2300 வாட் வரை, 16 ஆம்பியர் என்றால் 3680 வாட் வரை தாங்கும். டேபிள் ஃபேனுக்கும் லேம்ப்புக்கும் 6 ஆம்பியர் போதும். 2000 வாட் கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்தான் வாங்க வேண்டும். எல்லையை ஒட்டி ஓட்டாமல் கொஞ்சம் இடம் விட்டு வாங்குவது நல்லது.

3. ஸ்மார்ட் பல்ப். வராண்டா லைட் போன்றவை சாக்கெட்டில் இல்லாமல் ஹோல்டரில் இருக்கும். அங்கே பிளக் உதவாது. நம் ஊர் பின் வகை ஹோல்டருக்கு பி22 என்று அட்டையில் போட்டிருக்கும் பல்பைப் பார்த்து வாங்குங்கள். திருகும் வகை என்றால் இ27.

4. ஆப். பிளக் தயாரித்த கம்பெனியின் ஆப் அட்டையிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். பல கம்பெனிகளின் சாதனங்கள் ஸ்மார்ட் லைஃப் என்ற ஆப்பில் வேலை செய்கின்றன. இந்தப் பாடத்தில் அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். வேறு ஆப் வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். மெனுவின் பெயர்கள் மாறும், முறை மாறாது.

பிளக்கை இணைக்கும் முறை

1. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் ஸ்மார்ட் லைஃப் ஆப்பை இன்ஸ்டால் செய்து, ஈமெயில் முகவரி கொடுத்து ஓர் அக்கவுண்ட் தொடங்குங்கள்.

2. போனில் புளூடூத்தையும் லொகேஷனையும் ஆன் செய்யுங்கள். போனை 2.4 வைஃபையில் இணையுங்கள்.

3. பிளக்கைச் சாக்கெட்டில் செருகி, அதில் உள்ள பட்டனைச் சுமார் ஐந்து வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். சிறு விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும்.

4. ஆப்பின் வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தட்டி ஆட் டிவைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிளக்கை ஆப் தானே கண்டுபிடித்துக் காட்டும். வைஃபை பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

5. இணைந்ததும் பெயர் கேட்கும். ஸ்மார்ட் பிளக் 1, ஸ்மார்ட் பிளக் 2 என்று விட்டு விடாதீர்கள். மாடி கீசர், வராண்டா லைட் என்று இடத்தோடு சேர்த்துப் பெயர் வையுங்கள். நாலைந்து சாதனங்கள் சேர்ந்த பிறகு இதன் அருமை தெரியும்.

ஒரு முக்கியக் குறிப்பு. ஸ்மார்ட் பிளக்குக்கும் பல்புக்கும் கரண்ட் தரும் சுவர் சுவிட்ச் எப்போதும் ஆனிலேயே இருக்க வேண்டும். வீட்டில் யாராவது பழக்கத்தில் அதை ஆஃப் செய்து விட்டால் ஆப்பில் சாதனம் ஆஃப்லைன் என்று காட்டும். உங்கள் ஆட்டோமேஷனும் படுத்து விடும். சுவிட்ச் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வையுங்கள். சாதனத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆஃப்லைன் நோட்டிஃபிகேஷன் என்ற வசதி இருந்தால் அதையும் ஆன் செய்து விடுங்கள். சாதனம் இணைப்பு இழந்தால் போனுக்குச் செய்தி வரும்.

இருந்தால், செய்

புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் இஃப், தென் என்ற இரண்டு வார்த்தைகள்தான் ஆட்டோமேஷனின் உயிர். ஆப்பில் சீன் என்ற பகுதிக்குப் போய் கூட்டல் குறியைத் தட்டினால் இஃப் என்று ஒரு பெட்டியும் தென் என்று ஒரு பெட்டியும் வரும். இப்படி நடந்தால் என்பது முதல் பெட்டி. இதைச் செய் என்பது இரண்டாவது பெட்டி.

இஃப் பெட்டியில் தரக்கூடிய நிபந்தனைகள் இவை:

டேப் டு ரன்: நீங்கள் தட்டும்போது மட்டும் ஓடும்.
ஷெட்யூல்: குறிப்பிட்ட நேரத்தில் ஓடும்.
வெதர்: வெப்பநிலை, மழை, சூரியன் உதிப்பது, மறைவது போன்றவை.
லொகேஷன்: நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அல்லது வந்து சேரும்போது.
டிவைஸ் ஸ்டேட்டஸ்: வேறு ஒரு சாதனத்தின் நிலை மாறும்போது.

ஒன்றுக்கு மேல் நிபந்தனை கொடுத்தால் ஆப் ஒரு கேள்வி கேட்கும். ஏதாவது ஒன்று நடந்தால் போதுமா, எல்லாம் நடக்க வேண்டுமா என்பதுதான் அது. அவசரத்தில் இதைப் படிக்காமல் தாண்டி விடாதீர்கள். உதாரணமாக, வராண்டா லைட்டுக்கு சூரியன் மறைவது, மழை பெய்வது என்று இரண்டு நிபந்தனை கொடுக்கிறீர்கள். ஏதாவது ஒன்று என்று தேர்ந்தெடுத்தால் பட்டப்பகலில் மழை பெய்தாலும் லைட் எரியும். எல்லாம் என்று தேர்ந்தெடுத்தால் மழை இல்லாத நாளில் லைட் எரியவே எரியாது.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு வழி. நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். எப்போது என்று கேட்டால் பதில் சொல்பவை ஒரு வகை: காலை 5.30 ஆகும்போது, கதவு திறக்கும்போது. எந்த நிலையில் என்று கேட்டால் பதில் சொல்பவை இன்னொரு வகை: இரவாக இருக்கையில், கீசர் ஆனில் இருக்கையில். ஒரு நல்ல ரூலில் எப்போது என்பது ஒன்றே ஒன்று இருக்கட்டும். எந்த நிலையில் என்பது எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு எப்போது வேண்டும் என்றால் இரண்டு தனி ரூலாக எழுதி விடுங்கள். பின்னால் திருத்துவதும் சுலபம்.

பாடம் 1: வராண்டா லைட்

எளிதான ஒன்றில் தொடங்குவோம். பலர் மாலை 6 மணிக்கு ஆன் என்று ஷெட்யூல் போட்டு விடுகிறார்கள். சென்னையில் நவம்பரில் மாலை 5.40 மணி அளவிலேயே சூரியன் மறைந்து விடும். ஜூலையில் 6.40 மணி அளவில்தான் மறையும். ஏறக்குறைய ஒரு மணி நேர வித்தியாசம். ஆகவே கடிகாரத்தை நம்பாமல் சூரியனை நம்புங்கள்.

1. சீன் பகுதியில் கூட்டல் குறியைத் தட்டுங்கள்.
2. இஃப் பெட்டியில் வெதர் சென்று சன்செட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊர் சரியாக உள்ளதா என்று பாருங்கள்.
3. தென் பெட்டியில் வராண்டா லைட்டைத் தேர்ந்தெடுத்து ஆன் கொடுங்கள்.
4. சேவ் செய்யுங்கள்.
5. இப்போது இரண்டாவது ரூல். இஃப் பெட்டியில் ஷெட்யூல், இரவு 10.30. தென் பெட்டியில் வராண்டா லைட் ஆஃப்.

இந்த ஐந்தாவது வரிதான் பாடத்தின் சாரம். ஆன் செய்யும் ரூல் ஒன்று எழுதினால், அதற்கு ஜோடியாக ஆஃப் செய்யும் ரூலையும் உடனே எழுதி விட வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது எழுதப்படாமலே போகும்.

லைட்டைப் பொறுத்தவரை ரூல் தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை. 9 வாட் எல்.ஈ.டி. பல்ப் ஓர் இரவு முழுக்க எரிந்தாலும் அரைக் கால் யூனிட்டுக்கும் குறைவுதான் செலவாகும். ஆனால் அடுத்த பாடத்தில் அப்படி இல்லை.

பாடம் 2: காலையில் கீசர்

காலையில் எழுந்ததும் வெந்நீர் தயாராக இருக்க வேண்டும். இதுதான் தேவை. எத்தனை நேரம் ஓட விட வேண்டும்? கணக்குப் போட்டு விடலாம். 15 லிட்டர் கீசர், 2000 வாட். தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் தேவை. 15 லிட்டர், 35 டிகிரி என்றால் சுமார் 2200 கிலோஜூல். 2000 வாட் கீசர் வினாடிக்கு 2 கிலோஜூல் தரும். ஆக 1100 வினாடி, அதாவது 18 நிமிடத்துக்குச் சற்று மேல். வெளியே போகும் சூட்டையும் சேர்த்து 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் இதை எப்படி அமைப்பார்கள் என்று பாருங்கள். இஃப்: காலை 5.30. தென்: கீசர் ஆன், பிறகு டிலே 25 நிமிடம், பிறகு கீசர் ஆஃப். ஒரே ரூலில் அழகாக முடிந்து விட்டது. சோதித்துப் பார்த்தாலும் வேலை செய்யும். ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் உள்ளன.

முதல் ஓட்டை: நெட். இந்த மாதிரி ரூல்கள் பெரும்பாலும் உங்கள் போனிலும் ஓடுவதில்லை, பிளக்கிலும் ஓடுவதில்லை. எங்கோ இருக்கும் கம்பெனியின் சர்வரில் ஓடுகின்றன. 5.30 மணிக்கு ஆன் என்ற கட்டளை வந்து சேர்ந்தது. 5.40 மணிக்கு நெட் போய் விட்டது. 5.55 மணிக்கு வர வேண்டிய ஆஃப் கட்டளை வரவே வராது.

இரண்டாவது ஓட்டை: கரண்ட். 5.40 மணிக்குக் கரண்ட் போகிறது. கீசர் நின்று விட்டது. எல்லோரும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் கிளம்பி விட்டார்கள். 9 மணிக்குக் கரண்ட் வருகிறது. பழைய நிலைக்குத் திரும்பு என்று பிளக்கில் செட்டிங் இருந்தால் கீசர் ஆன் ஆகி விடும். வீட்டில் ஆள் இல்லை.

மூன்றாவது ஓட்டை: மனிதர்கள். மாலையில் யாரோ ஒருவர் பிளக் பட்டனை அழுத்திக் கீசரைப் போடுகிறார். மறந்து விடுகிறார். காலை 5.30 ரூலுக்கு இது தெரியாது.

கீசரில் தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். அது சூட்டைக் கட்டுப்படுத்தும். ஆனால் தண்ணீர் ஆற ஆற மறுபடி மறுபடி ஆன் ஆகி நாள் முழுக்க மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். தெர்மோஸ்டாட் என்றைக்காவது பழுதானால், கீசரின் மற்ற பாதுகாப்புகளை மட்டுமே நம்பி ஆள் இல்லாத வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கும். எனவே மூன்று ஓட்டைகளையும் அடைத்து விடுவோம்.

1. பிளக்கின் பக்கத்தைத் திறந்து செட்டிங் செல்லுங்கள். ரிலே ஸ்டேட்டஸ் அல்லது பவர் ஆன் ஸ்டேட் என்று ஒன்று இருக்கும். ஆன், ஆஃப், பழைய நிலை என்று மூன்று வாய்ப்புகள். கீசருக்கு ஆஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி கரண்ட் போய் வந்தால் கீசர் தானாகப் போட்டுக்கொள்ளாது.

2. அதே செட்டிங்கில் இன்ச்சிங் என்ற வசதி பல பிளக்குகளில் உண்டு. யார் ஆன் செய்தாலும், எப்படி ஆன் செய்தாலும், இத்தனை நிமிடத்தில் தானே ஆஃப் ஆகி விடு என்பதுதான் இதன் பொருள். 25 நிமிடம் என்று கொடுங்கள். இந்தக் கணக்கைப் பிளக்கே வைத்துக்கொள்வதால் நெட் இல்லாவிட்டாலும் ஆஃப் ஆகி விடும்.

3. இப்போது சீன் பகுதியில் ஒரு ரூல்: காலை 5.30-க்குக் கீசர் ஆன். ரிப்பீட் என்பதில் தேவையான நாட்களை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

4. கூடவே காப்பு ரூல் ஒன்று: காலை 6.15-க்குக் கீசர் ஆஃப். இன்ச்சிங் ஏற்கெனவே ஆஃப் செய்திருக்கும். இருந்தாலும் இரண்டாவது பூட்டு இருப்பதில் தவறில்லை.

கீசருக்கு வாங்கும் பிளக்கில் இன்ச்சிங்கும் ரிலே ஸ்டேட்டஸும் உள்ளனவா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். இல்லாத பிளக் எத்தனை மலிவாக இருந்தாலும் கீசருக்கு வேண்டாம். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் பிளக்கை வைக்கக் கூடாது. சாக்கெட் பாத்ரூமுக்குள் இருந்தால் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி, வெளியே உள்ள சுவிட்ச் போர்டில் 16 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்சைப் பொருத்திக்கொள்ளலாம். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு போர்டில் நியூட்ரல் ஒயர் வேண்டும் என்பதையும் சொல்லி விடுங்கள்.

பாடம் 3: இரவில் எழும் பெரியவர்களுக்கு வெளிச்சம்

வயதானவர்கள் இரவில் பாத்ரூம் போக எழும்போது இருட்டில் சுவிட்சைத் தேடித் தடுமாறுவார்கள். அந்த நேரத்தில் நடையில் லைட் தானாக எரிந்தால் பெரிய உதவி. இதற்கு மோஷன் சென்சார் ஒன்று வேண்டும்.

சாதாரண மோஷன் சென்சார் பி.ஐ.ஆர். வகையைச் சேர்ந்தது. உடலில் இருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கும். ஆள் நகர்ந்தால் தெரியும். அசையாமல் உட்கார்ந்திருந்தால் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. சென்சாரைக் கட்டிலில் இருந்து இறங்குபவரின் அசைவு படும்படி வையுங்கள். ஃபேன் காற்றில் ஆடும் திரை, ஏசி காற்று படும் இடம் ஆகியவற்றைத் தவிர்த்து விடுங்கள்.

2. முதல் ரூல். இஃப்: சென்சாரில் அசைவு. தென்: நடை லைட் ஆன், பிரைட்னஸ் 30 சதவீதம். தூக்கக் கலக்கத்தில் முழு வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும்.

3. அதே ரூலில் எஃபெக்டிவ் பீரியட் என்பதை இரவு 10 முதல் காலை 6 வரை என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் பகல் முழுக்க எரிந்து அணையும்.

4. இரண்டாவது ரூல். இஃப்: அசைவு இல்லை. தென்: டிலே 15 நிமிடம், பிறகு லைட் ஆஃப். இந்த டிலேயைக் குறைக்காதீர்கள். போனவர் திரும்பி வருவதற்குள் நடை இருட்டாகி விடக் கூடாது.

5. மூன்றாவது ரூல். காலை 6.30-க்கு நடை லைட் ஆஃப். விட்டுப் போனதைச் சரி செய்யும் ரூல்.

பாத்ரூமுக்குள் உள்ள லைட்டை இப்படி அமைக்க வேண்டாம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அசையவில்லை என்றால் ஆள் இல்லை என்று நினைத்து லைட் அணைந்து விடும். உதவி செய்யப் போய் ஆபத்தில் முடியும். பாத்ரூமுக்கு சாதாரண சுவிட்ச்தான் நல்லது.

இன்னொன்றும் யோசியுங்கள். பேட்டரியில் ஓடும் வைஃபை சென்சார் தூக்கத்தில் இருந்து விழித்து, நெட்டில் இணைந்து, சர்வருக்குச் சொல்லி, சர்வர் பல்புக்குச் சொல்ல சில வினாடிகள் ஆகலாம். அதற்குள் அவர் நாலு அடி நடந்திருப்பார். ஜிக்பீ வகை சென்சார் வேகமானது. ஆனால் அதற்குத் தனியாக ஒரு ஹப் வாங்க வேண்டும். எதை வாங்கினாலும் நெட் இல்லாத இரவு ஒன்று வரலாம். அதற்காக அரை வாட் நைட் லேம்ப் ஒன்றைச் சாதாரண சாக்கெட்டில் செருகி இரவு முழுக்க எரிய விடுங்கள். தினம் 10 மணி நேரம் எரிந்தாலும் வருடத்துக்கு 2 யூனிட் கூட ஆகாது. ஸ்மார்ட் பிளக் ஒன்று சும்மா இருக்கும்போது 1 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் கூட வருடத்துக்கு 8.76 யூனிட். சில இடங்களில் ஆட்டோமேஷன் இல்லாததுதான் சிறந்த ஆட்டோமேஷன்.

மூன்று சோதனைகள்

ரூல்களை எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

நெட் சோதனை: கீசரை ஆன் செய்து விட்டு ரூட்டரை ஆஃப் செய்யுங்கள். குறித்த நேரத்தில் கீசர் ஆஃப் ஆகிறதா? ஆகவில்லை என்றால் ஆஃப் வேலை சர்வரில் ஓடுகிறது என்று பொருள். இன்ச்சிங் செட்டிங்கை மறுபடி பாருங்கள். அதே போல ஷெட்யூல் நேரத்துக்கு முன்பு ரூட்டரை ஆஃப் செய்து பார்த்தால் உங்கள் ஷெட்யூல் பிளக்கில் உள்ளதா, சர்வரில் உள்ளதா என்பதும் தெரிந்து விடும்.

கரண்ட் சோதனை: எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயினை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். எந்தெந்தச் சாதனம் தானாக உயிர் பெறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும். நடுராத்திரி இரண்டு மணிக்கு பெட்ரூம் லைட் எரிந்து எல்லோரையும் எழுப்பும். பவர் ஆஃப் மெமரி, டு நாட் டிஸ்டர்ப் போன்ற பெயர்களில் இதற்கு செட்டிங் இருக்கும்.

ஆள் சோதனை: உங்கள் போனை எடுத்து வைத்து விடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்களால் லைட்டைப் போட, கீசரை நிறுத்த முடிகிறதா? முடியாவிட்டால் உங்கள் அமைப்பில் குறை இருக்கிறது. பிளக்கில் உள்ள பட்டன் எங்கே என்று காட்டிக் கொடுங்கள். ஆப்பில் ஹோம் மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் குடும்பத்தில் இன்னொருவரையும் சேர்த்து விடுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ளவர்கள் ரூட்டருக்கு இன்வெர்ட்டர் லைனில் இருந்து கரண்ட் கொடுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

சர்வர் நின்று போனால்?

சாதனம் உங்கள் வீட்டில், ரூல் வேறொருவர் கம்ப்யூட்டரில் என்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ரெவால்வ் என்ற ஹோம் ஆட்டோமேஷன் ஹப் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. அந்த ஹப் வாங்கியவர்களிடம் மிஞ்சியது ஒரு வெற்றுப் பெட்டி. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. சுவரில் உள்ள சுவிட்சுகள் வேலை செய்தன, போனில் உள்ள ஆப் செயலிழந்தது. அதே வருடம் ஜூனில் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி உயிர் கொடுத்தார்கள்.

இதற்குத் தீர்வாக இரண்டு வழிகள் வந்துள்ளன. ஒன்று மேட்டர் என்ற பொது ஸ்டாண்டர்ட். ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வெளியானது. மேட்டர் சாதனங்கள் கம்பெனி சர்வரைச் சாராமல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே பேசிக்கொள்ள முடியும். இதைக் கட்டுப்படுத்த வீட்டில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் போன்ற ஒரு கன்ட்ரோலர் தேவை. மற்றொன்று ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச சாஃப்ட்வேர். 2013-ல் தொடங்கிய இது ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கம்ப்யூட்டரில் உங்கள் வீட்டிலேயே ஓடும். ஸ்மார்ட் லைஃபில் நன்றாகக் கை பழகிய பிறகு இதை முயன்று பார்க்கலாம். அங்கும் அதே இஃப், தென் முறைதான்.

எவற்றைத் தொடக் கூடாது?

இஸ்திரிப் பெட்டி, வாளியில் போடும் இம்மர்ஷன் ராடு, எலெக்ட்ரிக் அடுப்பு ஆகியவை ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஓட வேண்டியவை. இவற்றுக்கு ஸ்மார்ட் பிளக் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மோட்டாரை நேராக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக் கூடாது. 1 ஹெச்.பி. என்றால் 746 வாட்தானே என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் நேரத்தில் ஓட்ட நேரத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிளக்கின் உள்ளே உள்ள ரிலே ஒட்டிக்கொண்டால் ஆஃப் கட்டளை கொடுத்தாலும் மோட்டார் நிற்காது. கான்டாக்டர் வைத்து எலெக்ட்ரீஷியன் மூலமாகவே செய்ய வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டாரை நிறுத்தும் வசதியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பாஸ்வேர்டில் கவனம்

2016-ல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தது. அவற்றை ஒரு படை போலத் திரட்டி அந்த வருடம் அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின. தங்கள் கேமராதான் தாக்குகிறது என்பது அதன் சொந்தக்காரர்களுக்கே தெரியாது. ஆகவே ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆப் அக்கவுண்டுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு கொடுங்கள். சாதனத்துக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப் போடாதீர்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போதும், பழைய பிளக்கை யாருக்காவது கொடுக்கும்போதும் ஆப்பில் இருந்து அதை ரிமூவ் செய்து விட்டுக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரே நாளில் வீடு முழுவதையும் ஆட்டோமேட் செய்யக் கிளம்ப வேண்டாம். இந்த வாரம் வராண்டா லைட் மட்டும். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடினால் அடுத்தது. ஒவ்வொரு ரூலையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எப்போது ஆன் ஆகும், எது ஆஃப் செய்யும், கரண்ட் போய் வந்தால் என்ன நிலை, நெட் இல்லாவிட்டால் என்ன நிலை. இந்த நான்கு கட்டங்களையும் நிரப்ப முடியாத ரூல் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். நிரப்பி விட்டால் நிம்மதியாக வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம்.